தினமும் ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்டி கார்: ஃபியஸ்டாவா, லீனியாவா, போலோவா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர், வயது 27. வீடு வடவள்ளி, வேலை சரவணம்பட்டி. எல்லாம் சேர்த்துக் கையில் 4,50,000 ரூபாய். புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் வாஷிங் மெஷின் மாதிரி இருக்கு" என்கிறார். ஓட்டினால் ஓட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டிதான், வீட்டில் வேறு கார் கிடையாது. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறார்: ஈரோட்டில் 2008 ஃபோர்டு ஃபியஸ்டா 1.6எஸ், 92,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், 2,40,000 ரூபாய். திருப்பூரில் 2011 ஃபியட் லீனியா டி-ஜெட், 2,20,000. சென்னையில் 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 4,20,000. எதை வாங்குவது?

முதலில் பதில், அப்புறம் காரணம். ஃபியஸ்டா. ஆனால் 2,40,000-க்கு இல்லை, பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுத்தும் இல்லை. என் கையில் இப்போது இருப்பதும் ஒரு 1.6எஸ்தான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்; கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லோரும் குதிரைத்திறனில் ஆரம்பித்து, நூறைத் தொட எத்தனை வினாடி என்பதில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். உங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள் தம்பி. லாலி ரோடு சிக்னல், காந்திபுரம், கணபதி, அப்புறம் சத்தி ரோடு. வாரத்தில் ஐந்து நாளும் நீங்கள் போகப்போவது 30, 40, ரோடு காலியாக இருந்தால் 60. அந்த வேகத்தில் 100 குதிரைத்திறனும் ஒன்றுதான், 150-ம் ஒன்றுதான். கைக்கும் காலுக்கும் தெரிவது வேறு. டயருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று ஸ்டீயரிங்கில் தெரிகிறதா? கியர் லீவர் வழுக்கிக்கொண்டு போய் உட்காருகிறதா? ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் எழுந்திருக்கிறதா, இல்லை யோசித்துவிட்டு வருகிறதா? தினசரி வண்டியில் கிடைக்கிற சந்தோஷம் அநேகமாக இவ்வளவுதான். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏறுகிற நாட்கள் வருடத்துக்குப் பத்து வருமா? அந்தப் பத்து நாளுக்காக மீதி நாட்களை அடமானம் வைக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் தேறுகிற வண்டி 1.6எஸ். 1,596 சி.சி. டுராடெக் எஞ்சின், 101 குதிரைத்திறன், 146 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்). டர்போ கிடையாது. ஐந்து கியர், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், சாதாரண ஃபியஸ்டாவைவிட இறுக்கமான சஸ்பென்ஷன். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைக்கு முதல் நாள் கனமாக இருக்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு நண்பனின் புது ஹேட்ச்பேக்கைத் திருப்பினால் ஏதோ கழன்றுவிட்டதோ என்று பயமாக இருக்கும். நகரத்துக்குள் எனக்கு லிட்டருக்குப் பத்து, பத்தரை கிடைக்கிறது. உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 7,500-க்கு மேல் ஆகும், அதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஃபோர்டுதான் கடையைக் கட்டிட்டுப் போயிடுச்சே, பார்ட்ஸுக்கு என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. மறைமலைநகர் தொழிற்சாலையில் செய்த வண்டிதான் இது. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. ஆனால் இதே ஃபியஸ்டாவும், பேரை மாற்றி விற்ற ஃபியஸ்டா கிளாசிக்கும் பல வருடம் ஓடின. அதனால் ஃபில்டர், பிரேக் பேடு, லோயர் ஆர்ம், லிங்க் ராடு, கிளட்ச் செட் மாதிரி தேய்கிற சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. கிடைக்காதவை உடம்புச் சாமான்கள். எஸ் மாடலுக்கென்று வந்த பம்பர், பக்கவாட்டு ஸ்கர்ட் உடைந்தால் சென்னை புதுப்பேட்டையில் யாராவது ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஈரோட்டு வண்டியில் எஞ்சின் கொஞ்சம் சோம்பலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சரி செய்துவிடலாம். பம்பரும் ஹெட்லைட்டும் முழுசாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

மனதைக் கேட்டால் எனக்குமே லீனியாதான். 1.4 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைவுக்கு வளைவு அது இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, ஃபியஸ்டா பக்கத்தில் வர முடியாது. ஸ்டீயரிங்கும் அருமை. ஆனால் 2,000 ஆர்.பி.எம்-க்குக் கீழே டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். காந்திபுரத்தில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாறி மாறி ஊர்ந்துகொண்டே அதை எழுப்ப முடியாது. கிளட்ச்சும் கனம். லீனியா, புன்டோ டீசல்களோடு பங்கு போடுகிற சாமான்கள் கிடைக்கும். டி-ஜெட்டுக்கு மட்டும் உரிய டர்போ, அதன் குழாய்கள், சென்சார்கள் என்று வரும்போது தேடல்தான். ஃபியட்டும் இங்கே கார் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இன்னொரு கார் இருக்கிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு லீனியா என்பேன். உங்களுக்கு அது இல்லை.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மூன்றிலும் இளையது, ஓட்டச் சுகமானது, வேகமானதும்கூட. 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். பயம் எஞ்சினில் இல்லை, டி.எஸ்.ஜி. என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில். அதில் இருப்பது எண்ணெயில் முங்காத இரட்டை உலர் கிளட்ச். நம் ஊர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சூடாகும், தேயும். கியர் மாற்றும் வேலையைச் செய்கிற மெக்கட்ரானிக் யூனிட் போனால் பில் ஒரு லட்சத்தைத் தாண்டும். எல்லா வண்டியிலும் போகும் என்று சொல்லவில்லை. பத்து வருடமாகத் தொந்தரவு இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 4,20,000 கொடுத்துவிட்டு மீதி 30,000-ஐ மட்டும் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டத்தில் உட்காராதீர்கள். 2020-இல் வந்த 1.0 டி.எஸ்.ஐ. போலோவில் டி.எஸ்.ஜி-க்குப் பதிலாக ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் போட்டார்கள். அது உங்கள் விலைக்கு எட்டுகிற நாள் வந்தால் யோசிக்கலாம்.

கீழே கமெண்டில் யாராவது மிட்சுபிஷி லான்சர் சீடியாவைச் சொல்வார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி, 2 லிட்டர், 115 குதிரைத்திறன், மலைப்பாதையில் தங்கம். சாமானுக்கு அலைவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.? முதல் பில்லைப் பார்த்த பிறகு பேசலாம்.

இனி என் கதை ஒன்று. 2013-இல் 2002 மாடல் ஹோண்டா சிட்டி வீடெக் வாங்கினேன். 106 குதிரைத்திறன், சிவப்புக்கோடு வரை பாடிக்கொண்டே போகிற எஞ்சின். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். அதை மாற்றியாகிவிட்டதா என்று விற்றவரிடம் கேட்டேன். "போன வருஷம்தானுங்க மாத்துனோம்" என்றார். பில் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்துக் காரமடைக்குப் பக்கத்தில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. ஓரம் கட்டி, மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே "ஒரு செல்ஃப் அடிங்க" என்றார். அடித்தேன். அந்தப் பெல்ட் சுற்ற வேண்டிய கேம் ஷாஃப்ட் உள்ளே சுற்றவில்லை. மூடியை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஹெட்டை இறக்கிப் பார்த்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து கிடந்தன. அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் நார் நாராக, பல்லுக்குப் பல் வெடிப்பு. தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய அதே பெல்ட், பதினோரு வயது. 1,60,000-க்கு வாங்கிய வண்டிக்கு 41,000 செலவு. பெல்ட் செட்டும் கூலியும் அப்போது ஏழாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

ஃபியஸ்டா 1.6, லீனியா டி-ஜெட், இரண்டும் டைமிங் பெல்ட் வண்டிகள்தான். பில் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். இல்லையென்றால் மாற்றவில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. கிலோமீட்டர் குறைவு என்பதும் பதில் இல்லை. ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும்.

அந்த 92,000-ஐயும் நான் அப்படியே நம்பமாட்டேன். இத்தனை வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. வீட்டில் இரண்டாவது காராகக் கிடந்திருந்தால் நடக்கக்கூடியதுதான், ஆனால் மீட்டரைத் திருப்புவதும் இங்கே கைத்தொழில். கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள், ஸ்டீயரிங்கில் வலது கை பிடிக்கிற இடம் வழவழத்திருக்கிறதா பாருங்கள், டிரைவர் சீட்டில் ஏறி இறங்குகிற பக்கத்து மேடு அமுங்கியிருக்கிறதா பாருங்கள். கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். பில் இல்லாத 92,000-ஐவிட, கட்டுக்கட்டாகப் பில் வைத்திருக்கிற 1,40,000 எனக்குப் பிடிக்கும்.

போகிற நாளுக்கு முந்தைய இரவே போன் செய்து "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்லிக்கொண்டே பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், அல்லது பாவம், ஆர்வத்தில் துடைத்து ஒரு சுற்று ஓட்டி வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏ.சி-யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கூட வந்தவரைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முதல் பத்து விநாடியில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. பழைய வண்டியில் காலையில் லேசாக வெள்ளைப்புகை வந்து நின்றுவிடுவது சகஜம், சூடான பிறகும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அதற்கு முன் ஒன்று. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். அணையவில்லையென்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் பெரிய கோளாறு, யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது அந்த வண்டியில் அந்த வசதியே இல்லை. வண்டியின் கோளாறுப் பதிவுகளைப் படிக்கிற ஸ்கேனர் இருந்தால் கொண்டுபோங்கள். எந்தக் கோளாறும் காட்டாமல், சுயசோதனைகள் மட்டும் முடியவில்லை என்று காட்டினால் பதிவுகளை நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டும்போது நாலாவது கியரில் நாற்பதில் போய் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போச்சு. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி மெதுவாக வட்டம் அடியுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சில் வேலை. டயர் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். இந்த மாதிரி வண்டியில் கிழட்டு டயர் இருந்தால் நல்ல ஸ்டீயரிங் இருந்தும் புண்ணியமில்லை.

ஸ்போர்ட்டி வண்டிக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கும் ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயனும் நம் ஊர் அடையாளங்கள். வார இறுதியில் டிராக்கில் தேய்த்துவிட்டு விற்கிற ஆட்களும் நம் ஊரில் உண்டு. முன் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். ரேஸ் வண்டிக்குள் மாட்டுகிற இரும்புக் கூண்டான ரோல் கேஜ் கால் ஊன்றியிருந்த ஓட்டைகளோ, அவற்றை அடைத்த வெல்டிங்கோ தட்டுப்படலாம். மாற்றிய ஸ்பிரிங், அலறும் சைலன்சர், மறுபடி எழுதிய ஈ.சி.யு. (எஞ்சின் கம்ப்யூட்டர்), இவையெல்லாம் விலையைக் குறைக்க வேண்டிய காரணங்கள். விற்கிறவர் அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ முழுகிய வண்டியின் உட்பக்கத்தை எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கிற பெல்ட்டில் சேற்றுக் கறை நின்றிருக்கும்.

அப்புறம் பேப்பர். தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருடம்தான். 2008 வண்டி என்றால் 2023-இலேயே முடிந்திருக்கும். புதுப்பித்து 2028 வரை வாங்கியிருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். புதுப்பிக்க 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் இதை 10,000 ஆக்கிவிட்டார்கள், 2028-இல் உங்கள் தலையில்தான் விழும். ஆர்.சி-யில் ஹெச்.பி., அதாவது வங்கிக் கடன், போட்டிருந்தால் வங்கியின் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) இல்லாமல் பேச்சே வேண்டாம். இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம்: 2022-இல் நிர்ணயித்த கணக்குப்படி 1,500 சி.சி-யைத் தாண்டினால் தேர்டு பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500-க்குள் என்றால் 3,416. ஃபியஸ்டா தாண்டுகிறது; லீனியாவும் போலோவும் உள்ளே நிற்கின்றன. டெல்லியில் ஸ்கோடா லாரா ஆர்.எஸ். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை போட்டார்கள், அந்தப் பயத்தில்தான் அந்த விலை. என்.ஓ.சி., இங்கே வாழ்நாள் வரி, லாரி வாடகை, அங்கே பார்க்காமல் வாங்கிய பாவம், எல்லாம் கூட்டினால் விலை சமமாகிவிடும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிப் பயப்படுகிறீர்கள். 2023-க்கு முந்தைய வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல என்பது உண்மைதான். பழைய ரப்பர் குழாய்களைத்தான் அது முதலில் தின்னும். மைலேஜும் கொஞ்சம் இறங்கும். பெட்ரோல் குழாயை வருடத்துக்கு ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள், ஃபில்டரைத் தள்ளிப்போடாதீர்கள். மாதக்கணக்கில் டேங்க்கில் தேங்கவிடுவதுதான் கெடுதல், எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

வாங்குவதற்கு முன்னாலேயே மெக்கானிக்கைத் தேடிவிடுங்கள். ஃபோர்டு ஷோரூமில் பல வருடம் இருந்து, இப்போது சொந்தமாக ஷெட் போட்டிருக்கிற ஆட்கள் கோவையில் இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்து, ஒரு நாள் கூலி கொடுத்து ஈரோட்டுக்குக் கூட்டிப்போங்கள். பிற்பாடு உங்கள் வண்டியில் கை வைக்கப்போகிறவர் அவர், அவர் கண்ணால் பார்க்கட்டும். வாங்கியவுடன் பெல்ட் செட், வாட்டர் பம்ப், எல்லா எண்ணெய்களும், முன் சஸ்பென்ஷன் புஷ்கள், தேவைப்பட்டால் நாலு டயர். இதற்கு 80,000 தனியாக எடுத்து வையுங்கள். இன்னொரு 50,000 முதல் வருடத்தில் எதிர்பாராமல் வரும், அதையும் செலவழித்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் போலோவின் விலைக்குக் கீழேதான் நிற்பீர்கள்.

ஈரோட்டில் பெல்ட் பில் காட்டினால் 2,10,000 வரை போகலாம். காட்டாவிட்டால் 1,90,000. அதற்கு மேல் அவர் பிடிவாதம் பிடித்தால் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு, மதியம் நல்லதாக ஒரு பிரியாணி சாப்பிட்டுத் திரும்பி வாருங்கள். இந்த வண்டிக்கு ஆள் அடிக்கடி வருவதில்லை, பத்து நாளில் அவரே கூப்பிடுவார்.